காலக்கணக்கு – 11: அரியலூருக்குக் கம்பியில் வந்த நேரம்

ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கும் பல அலுவலகக் கட்டடங்களின் சுவர்க் கடிகாரங்கள் யாவும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தமிழ்நாட்டு வரலாற்றில் மிகவும் பிற்காலத்தது. அது ரயிலோடும் தந்தியோடும் வந்து, அரசு அலுவலகத்தில் நிலைகொண்டு, இன்று கணிப்பொறி வலையமைப்பில் புதிய வடிவம் பெற்றிருக்கிறது. இந்த வளர்ச்சியைப் பின்தொடர்வதற்குப் பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களும் பொருத்தமான களங்களாகும். இரண்டும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக நெடுங்காலம் இருந்தவை என்றாலும், அரியலூர் ரயில் பாதையைப் பெற்றது, பெரம்பலூர் நகரம் இன்றுவரை பெறவில்லை. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இவ்விரு ஊர்களுக்கும் சரியான நேரம் வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்ததற்கு இதுவே காரணம்.

சூரியனை மட்டுமே நம்பியிருந்த காலத்தில் இரு ஊர்களின் நேரமும் ஒன்றாக இருந்திருக்க இயலாது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. பெரம்பலூர் அரியலூருக்கு மேற்கே ஒரு பாகையில் ஐந்திலொரு பங்கு தள்ளி அமைந்திருப்பதால், அரியலூரில் உச்சி வந்து ஏறத்தாழ முக்கால் நிமிடம் கழித்தே பெரம்பலூரில் உச்சி வருகிறது. நாளை 60 நாழிகையாகவும், ஒரு நாழிகையை இன்றைய கணக்கில் 24 நிமிடமாகவும், ஏழரை நாழிகையை ஒரு சாமமாகவும் பகுத்து வாழ்ந்த மக்களுக்கு இந்த முக்கால் நிமிடம் ஒரு பொருட்டாக இருந்திருக்கக் காரணமில்லை. நாழிகை வட்டில் என்னும் நீர்க்கடிகாரம், அதாவது அடியில் சிறு துளையுள்ள கலம் நீரில் மிதந்து, நிறைந்து, அமிழும் கால அளவைக் கொண்டு நாழிகையை அளக்கும் கருவி, ஒரு கோயிலுக்கோ ஓர் அரண்மனைக்கோ உரிய நேரத்தை அளந்தது. அடுத்த ஊரின் வட்டிலோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும் தேவையை எந்த வழிபாடும் எந்த நிர்வாகமும் எழுப்பவில்லை. கடிகாரங்கள் தம்முள் ஒத்திருக்க வேண்டும் என்ற தேவை, ஓரிடத்தில் நிகழும் செயல் வேறோரிடத்தில் நிகழும் செயலை நிமிடக் கணக்கில் கட்டுப்படுத்தத் தொடங்கியபோதுதான் பிறந்தது.

அத்தேவைக்கான விடை சென்னையில் முன்னரே ஆயத்தமாக இருந்தது. வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் அமைத்த வானாய்வுக் கூடம், சில ஆண்டுகளில் கம்பெனியின் கைக்கு வந்து, 1792இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் பெற்றது. கடலோடிகளுக்குத் தீர்க்கரேகையையும் நில அளவையாளருக்கு அடிப்படைப் புள்ளியையும் வழங்குவதே அதன் முதல் நோக்கம். விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைத் தொலைநோக்கியால் பார்த்து, அக்கணத்தோடு ஊசல் கடிகாரத்தை ஒப்பிட்டு, கடிகாரத்தின் பிழையை நாள்தோறும் கணித்து எழுதிவைப்பது அக்கூடத்தின் அன்றாடப் பணியாயிற்று. கருவியைத் தாங்குவதற்காக அங்கே நிறுத்தப்பட்ட கருங்கல் தூண், தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் பொறித்த வாசகத்தோடு இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. கிரீனிச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னதாகக் கணிக்கப்பட்ட ‘மதராஸ் நேரம்’ அங்கிருந்து பிறந்ததேயாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் பாதைகள் நீண்டபோது, ஊருக்கு ஊர் வேறுபட்ட நேரத்தை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட இயலாது என்பது வெளிப்படையாயிற்று. பம்பாயின் நேரம் கிரீனிச்சுக்கு ஏறத்தாழ 4 மணி 51 நிமிடம் முன்னது, கல்கத்தாவின் நேரம் 5 மணி 53 நிமிடம் முன்னது. இரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில் நின்றது மதராஸ் நேரம். நாட்டின் நிர்வாகத் தலைநகரும் வணிகத் தலைநகரும் ஒன்றின் நேரத்தை மற்றொன்று ஏற்க விரும்பாத சூழலில், இடைப்பட்ட நேரத்தை உடையதும், அதைக் கணிப்பதற்குரிய வானாய்வுக் கூடத்தை உடையதுமான சென்னை, 1870 முதல் இந்திய ரயில்களுக்கெல்லாம் பொது நேரம் வழங்கும் இடமாயிற்று. நாள்தோறும் குறித்த வேளையில் வானாய்வுக் கூடத்தின் நேரக்குறிப்பு தந்திக் கம்பி வழியே நாட்டின் தந்தி அலுவலகங்களுக்கும் ரயில் நிலையங்களுக்கும் சென்றது. இந்த ஏற்பாட்டில் ஓரியல்பை இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டும்: நிலையங்களின் கடிகாரங்கள் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொள்ளவில்லை, எல்லாம் ஒரே மூலத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டன. பல கட்டடங்களின் கடிகாரங்களை ஒத்திருக்கச் செய்யும் எல்லா முறைகளுக்கும், நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து இன்று வழங்கும் முறைகளுக்கும்கூட, இதுவே உயிர்நிலை.

மேற்கு நாடுகளில் இதே காலத்தில் நடந்த முயற்சிகள் பலவகையின. அலெக்சாண்டர் பெய்ன் 1841இல் மின்கடிகாரத்துக்குக் காப்புரிமை பெற்றார்; கிரீனிச் வானாய்வுக் கூடத்தின் வாயிலில் 1852இல் மின்துடிப்பால் இயங்கும் பொதுக்கடிகாரம் நிறுவப்பட்டது; பாரிஸ் நகரில் 1880 முதல் தெருக்களுக்கு அடியில் குழாய் பதித்து, நிமிடத்துக்கொருமுறை அழுத்தக் காற்றைச் செலுத்தி, வீடுகளிலும் விடுதிகளிலும் உள்ள கடிகார முட்களை நகர்த்தினர். லண்டனிலோ, பெல்வில் குடும்பத்தார் 1836 முதல் தந்தை, தாய், மகள் என்ற மூவரின் உழைப்பில், கிரீனிச்சில் சரிபார்த்த ஒரே பைக்கடிகாரத்தைக் கடைகடையாக எடுத்துச்சென்று காட்டி, நேரத்தை விற்று வாழ்ந்தனர். மகள் ரூத் பெல்வில் இரண்டாம் உலகப் போரின் தொடக்கம்வரை அத்தொழிலை விடவில்லை.

1905இல் இந்திய அரசு 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட நேரத்தை, கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முன்னதாக, ரயில்களுக்கும் தந்திக்கும் முதலில் விதித்தது. 1906 சனவரி முதல் நாளிலிருந்து அது இந்தியத் திட்ட நேரமாகப் பொதுவில் நடைமுறைக்கு வந்தது. கல்கத்தா தன் பழைய நேரத்தைப் பல பத்தாண்டுகள் விடாமல் வைத்திருந்தது. பம்பாயிலோ எதிர்ப்பு வலுவாக எழுந்து, உள்ளூர் நேரம் விடுதலைக்குப் பின்னும் சில ஆண்டுகள் நீடித்தது. சென்னை மாகாணத்தில் அத்தகைய பூசலுக்கு இடமிருக்கவில்லை. மதராஸ் நேரத்துக்கும் புதிய நேரத்துக்கும் வேறுபாடு 9 நிமிடத்துக்கும் குறைவு, அதோடு மாகாணத்து மக்கள் முப்பத்தைந்து ஆண்டுகளாக ரயில் நேரத்துக்குப் பழகியிருந்தனர். அரியலூரின் சூரிய நேரத்தோடு ஒப்பிட்டால் திட்ட நேரம் ஏறத்தாழ 14 நிமிடம் முந்தி நிற்கிறது. நிழல் மிகக் குறுகும் நண்பகல், இவ்வட்டாரத்தில் ஆண்டின் சராசரியில் கடிகாரத்தின் 12 மணி 14 நிமிடத்தையொட்டியே வருகிறது.

அரியலூருக்கு ரயில் வந்தது பின்னரேயாகும். எழும்பூரிலிருந்து தெற்கே சென்ற தென்னிந்திய ரயில்வேயின் பழைய முதன்மைப் பாதை சிதம்பரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று சுற்றித் திருச்சியை அடைந்தது. அச்சுற்றைக் குறைப்பதற்காக விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு அமைக்கப்பட்ட குறுக்குப் பாதை, மக்கள் வழக்கில் ‘கார்டு லைன்’, 1920களின் இறுதியில் திறக்கப்பட்டது. ஒட்டக்கோவில், அரியலூர், சில்லக்குடி என்று வரிசையாக அமைந்த நிலையங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சுவர்க் கடிகாரம் தொங்கத் தொடங்கியது. அக்கடிகாரங்கள் யாவும் ஒரே நேரத்தைக் காட்டியாக வேண்டும் என்பது அலங்காரமோ ஒழுங்குக்கான ஆசையோ அன்று, உயிர்காப்பு விதியின் பகுதி.

ஒற்றைப் பாதையில் இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட தண்டவாளத் துண்டு, ஒரு நேரத்தில் ஒரே வண்டிக்குத்தான் உரியது. முன்நிலையத்தார் ‘லைன் கிளியர்’ கேட்க, அடுத்த நிலையத்தார் வழங்க, வண்டி புறப்பட்ட நேரத்தையும் வந்துசேர்ந்த நேரத்தையும் இரு நிலையத்தாரும் தத்தம் வண்டிப் பதிவேட்டில் எழுதுவர். பூட்டுக் கருவிகள் பிழையைத் தடுத்தாலும், எழுத்துப் பதிவே பின்னால் சாட்சியாகிறது. இரு பதிவேடுகளில் ஒரே நிகழ்ச்சிக்கு இருவேறு நேரம் இருந்தால் அச்சாட்சி வலுவிழக்கிறது. 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், பெருவெள்ளத்தால் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலம் சிதைந்து, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அத்துயரத்துக்குக் கடிகாரம் காரணமன்று, வெள்ளமே காரணம். ஆயினும் எந்த விபத்தின் விசாரணையும் முதலில் கைவைப்பது, எந்த நிமிடத்தில் யார் எங்கே இருந்தார் என்ற வரிசையின்மேல்தான். அந்த வரிசை, நிலையங்களின் கடிகாரங்கள் ஒத்திருந்தால் மட்டுமே பொருளுடையது.

இந்திய ரயில்வேயின் பொது விதிகள் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கின்றன. வண்டிகளின் இயக்கம் அரசு வகுத்த திட்ட நேரத்தைப் பின்பற்ற வேண்டும் என்றும், அந்நேரம் நாள்தோறும் 16 மணிக்கு, அதாவது பிற்பகல் நான்கு மணிக்கு, முதன்மை நிலையங்களுக்கெல்லாம் அறிவிக்கப்பட வேண்டும் என்றும் நான்காம் இயலின் முதல் விதி கூறுகிறது. அறிவித்த நேரத்துக்கு முன்னதாகப் பயணிகள் வண்டி எதுவும் புறப்படக் கூடாது என்பது அதையடுத்த விதி. முந்தி ஓடும் கடிகாரம் பிந்தி ஓடும் கடிகாரத்தைவிடத் தீங்கானது என்ற அனுபவம் அதற்குள் அடங்கியிருக்கிறது, ஏனெனில் பிந்திய கடிகாரம் வண்டியைத் தாமதிக்கச் செய்யும், முந்திய கடிகாரமோ ஓடிவந்த பயணியை மேடையில் விட்டுவிடும். வண்டி தொடங்கும் நிலையத்திலும் பணியாளர் மாறும் நிலையத்திலும், வண்டியின் பொறுப்பாளரான கார்டு தம் கடிகாரத்தை நிலையக் கடிகாரத்தோடு ஒத்துவைத்து, அந்நேரத்தை ஓட்டுநருக்குச் சொல்ல, ஓட்டுநர் தம் கடிகாரத்தை அதற்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். இவ்வாறு சுவரில் தொங்கிய நேரம் சட்டைப் பைக்கு இறங்கி, அடுத்த நிலையம் நோக்கிப் பயணம் செய்தது.

பதினாறு மணிக் குறிப்பு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை அருகிருந்து பார்ப்பது பயனுடையது. தந்தி வழங்கிய காலத்தில், குறிப்பு வருமுன் கம்பியில் மற்றச் செய்திகள் நிறுத்தப்படும். கருவியின் நாக்கு இறுதித் தட்டலைத் தட்டும் கணமே குறித்த நேரம். கட்டுப்பாட்டுத் தொலைபேசி வந்த பின்னர், ஒரு பகுதியின் நிலையங்கள் யாவும் ஒரே கம்பியில் இணைந்திருந்ததால், கட்டுப்பாட்டு அலுவலர் ஒருவரின் குரலை எல்லா நிலையத்தாரும் ஒருசேரக் கேட்டனர். அவர் நேரம் சொல்ல, கேட்பவர் வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் திறந்து முள்ளைத் திருத்தினர். மின்துடிப்பு சென்னையிலிருந்து அரியலூரை அடைய எடுக்கும் காலம் மனிதப் புலனுக்கு எட்டாதது. பிழை நேர்ந்தால் அது கம்பியில் நேர்வதன்று, கேட்டவர் எழுந்து முள்ளைத் தொடும் இடைவெளியில் நேர்வது. நிமிடக் கணக்கில் வண்டி ஓடும் தொழிலுக்கு ஓரிரு நொடிப் பிழை போதுமான துல்லியமே. அத்துல்லியம் கடிகாரத்தின் விலையால் கிடைக்கவில்லை, நாள் தவறாத திருத்தத்தால் கிடைத்தது.

திருத்தம் ஏன் நாள்தோறும் வேண்டியிருந்தது என்பதற்கு இவ்வட்டாரத்தின் வெயிலே விளக்கம் தரும். ஊசலின் தண்டு எஃகாலானதாயின், வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடும்போது தண்டு நீண்டு, கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை நொடி பின்தங்கும். மார்கழியில் சரிசெய்த கடிகாரம், சித்திரையில் வெப்பம் பத்துப் பாகை உயர்ந்தால், நாளுக்கு 5 நொடி, வாரத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் பிந்தும். பித்தளைத் தண்டில் இப்பிழை இன்னும் கூடுதல். வாரத்துக்கொருமுறை சாவி கொடுக்கும் எட்டுநாள் கடிகாரங்களை மட்டும் நம்பிய அலுவலகங்களில், வெளியிலிருந்து நேரக்குறிப்பு வராதவரை, கோடை முழுவதும் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

பெரம்பலூர் அவ்வகை ஊராகவே நெடுநாள் இருந்தது. ரயில் நிலையம் இல்லாத ஊரில் நேரத்துக்கு ஆதாரம் தந்தி அலுவலகமும் அரசுக் கச்சேரியுமேயாகும். மாகாணத்தின் பல தாலுகாக் கச்சேரிகளில் கஜானாவைக் காத்த காவலர் மணிக்கொருமுறை சேகண்டி அடித்தனர். அவ்வொலி கேட்கும் தொலைவே அந்நேரத்தின் ஆட்சியெல்லை. 1939 மே மாதத்தில் அகில இந்திய வானொலியின் திருச்சி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கி, செய்திக்கு முன் ஒலித்த நேரக்குறிப்பைக் கேட்க முடிந்த இடங்களுக்கெல்லாம் ரயில் நிலையத்துக்கு ஒப்பான துல்லியத்தைக் கொண்டுவந்தது. வானொலிப் பெட்டி இருந்த தேநீர்க் கடையின் கடிகாரம், அலுவலகக் கடிகாரத்தைவிடச் சரியாக இருக்கக்கூடிய நிலை அப்போதுதான் உருவாயிற்று. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, போர்க்காலத் தேவைக்காக நாடெங்கும் கடிகாரங்களை ஒரு மணி முன்தள்ளி வைத்தபோது, வானொலியின் பங்கு மேலும் விரிந்தது.

நிமிடக் கணக்கைப் பெரம்பலூருக்கு ஆழமாகப் பழக்கியது பேருந்தேயாகும். திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த ஊராதலால், அரசுப் பேருந்தும் தனியார் பேருந்தும் ஒரே தடத்தில் சில நிமிட இடைவெளியில் புறப்பட வேண்டியிருந்தது. அனுமதிச் சீட்டில் எழுதிய புறப்பாட்டு நேரமே வருவாயின் அடிப்படை. முன்வண்டி இரண்டு நிமிடம் தாமதித்தால் பின்வண்டியின் பயணிகளை அள்ளிக்கொள்ளும், பின்வண்டி இரண்டு நிமிடம் முந்தினால் முன்வண்டியின் வசூலைக் கெடுக்கும். இத்தகைய ‘டைமிங்’ தகராறுகளில் பேருந்து நிலையத்து டைம் கீப்பரின் கடிகாரமே நடுவராக நின்றது. ஓட்டுநர் கையிலும் நடத்துநர் கையிலும் வேறு வேறு நேரம் ஓடிய காலத்தில், யாருடைய கடிகாரம் செல்லும் என்பதை முடிவுசெய்யப் பொதுவான ஒன்று தேவைப்பட்டது.

ஒரே வளாகத்தில் பல கட்டடங்களை உடைய தொழிற்சாலைகள் வேறொரு முறையைக் கையாண்டன. ‘மாஸ்டர் கிளாக்’ எனப்படும் தலைமைக் கடிகாரம் ஒன்று, அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை கம்பியில் மின்துடிப்பை அனுப்பும். தனக்கென ஊசலோ சக்கரத் தொகுதியோ பெரிதாக இல்லாத ‘ஸ்லேவ் கிளாக்’ எனப்படும் துணைக் கடிகாரங்கள், துடிப்பு வரும்போதெல்லாம் முள்ளை ஒருபடி நகர்த்தும். இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹோப்-ஜோன்ஸ் 1895இல் இணைந்து உருவாக்கிய ‘சின்க்ரோனோம்’ இவ்வகையில் புகழ்பெற்றது. ஒன்றைத் திருத்தினால் எல்லாம் திருந்தும் என்பது இம்முறையின் வலிமை. ஒரு துடிப்பு தவறினால் தவறிய கடிகாரம் யாரேனும் ஏணி வைத்து ஏறும்வரை அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பிந்தியே நிற்கும் என்பது இதன் குறை. கட்டடங்களுக்கிடையே கம்பி இழுத்தாக வேண்டும் என்பதால், வளாகத்துக்கு வெளியே இம்முறை செல்லாது. சுண்ணாம்புக்கல் வளத்தால் அரியலூர் வட்டாரத்தில் எழுந்த சிமென்ட் ஆலைகளில், 1979இல் தொடங்கிய அரசு சிமென்ட் ஆலை உட்பட, சூளை இரவும் பகலும் அணையாது எரிவதால் மூன்று ஷிஃப்டு முறை கட்டாயமாயிற்று; கம்பி எட்டாத வெளியில், ஆலைச் சங்கு ஊதும் நேரமே சுற்றுப்புறக் கிராமங்களில் பலருக்குக் கடிகாரமாயிற்று.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவலாக வழங்கிய மற்றொரு முறை இங்கே ஏன் வேரூன்றவில்லை என்பதும் சொல்லப்பட வேண்டியது. மாறுதிசை மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் கொண்டே ஓடும் கடிகாரங்கள், மின்நிலையம் அதிர்வெண்ணைச் சரியாகக் காத்தால், நாடு முழுவதும் தாமாகவே ஒத்து ஓடும். திருத்தவோ சாவி கொடுக்கவோ வேண்டியதில்லை. நம் நாட்டின் அதிர்வெண் நொடிக்கு 50 சுற்று. ஆனால் மின்தட்டுப்பாடு நீடித்த பத்தாண்டுகளில், தேவைக்கேற்ற உற்பத்தி இல்லாததால் தென்மாநில மின்தொகுப்பின் அதிர்வெண் 49க்கும் கீழே அடிக்கடி இறங்கியது. அதிர்வெண் நாள் முழுவதும் 49இல் நின்றாலே அவ்வகைக் கடிகாரம் இரண்டு விழுக்காடு மெதுவாகி, ஒரு நாளில் 28 நிமிடத்துக்கு மேல் பிந்திவிடும். மின்வெட்டின்போதோ முற்றிலும் நின்றுவிடும். 2013ஆம் ஆண்டின் இறுதி நாளில் தென்தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைந்த பிறகு நிலை வெகுவாகச் சீரடைந்தது, ஆயினும் அதற்குள் படிகக் கடிகாரம் எல்லாச் சுவர்களையும் பிடித்துவிட்டது.

படிகக் கடிகாரம், அதாவது மின்கலத்தால் நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறு குவார்ட்ஸ் துண்டைக் கொண்டு ஓடும் இன்றைய சுவர்க் கடிகாரம், ஊசலைவிட மிகத் துல்லியமானது. மாதத்துக்குப் பதினைந்து இருபது நொடிகளே பிழை. ஆயினும் அதுவும் வெப்பத்துக்குக் கட்டுப்பட்டதே: 25 பாகையைச் சுற்றிச் சரியாக ஓடுமாறு செய்யப்பட்ட படிகம், 40 பாகை வெப்பத்தில் நாளொன்றுக்கு அரை நொடிக்கு மேல் பின்தங்கும், குளிரிலும் அவ்வாறே பின்தங்கும். ஆகவே குளிரூட்டிய அறையின் கடிகாரமும், மேற்கு வெயில் தாக்கும் தாழ்வாரத்தின் கடிகாரமும், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவையாயினும், ஓராண்டு கழித்து ஒன்றாக இருக்கமாட்டா. அது தேய்ந்த மின்கலத்தோடு மெல்ல நொண்டும் நாட்களைக் கூட்டினால், நிமிடக் கணக்கில் வேறுபாடு விழுகிறது. ஊசல் கடிகாரத்துக்கு வாரந்தோறும் சாவி கொடுத்த ஊழியர், அவ்வேளையில் நேரத்தையும் சரிபார்த்தார்; படிகக் கடிகாரம் சாவியை நீக்கியபோது, அந்தச் சரிபார்ப்பையும் சேர்த்தே நீக்கிவிட்டது. இந்த இழப்பை இதுவரை யாரும் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றே தோன்றுகிறது.

1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. பிரிவினை ஒவ்வொன்றும் ஆட்சியர் அலுவலகம், காவல் கண்காணிப்பாளர் அலுவலகம், கருவூலம், நீதிமன்றம் என்று கட்டடங்களைப் பெருக்கியது. கட்டடங்களோடு கடிகாரங்களும் பெருகின. அவற்றில் எது சரி என்ற கேள்வி வெறும் ஒழுங்கைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது. தேர்தல் வேட்புமனுவை முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையே அளிக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வரையறுக்கிறது. கடைசி நாளில் 3 மணி எப்போது ஆயிற்று என்பதைத் தேர்தல் நடத்தும் அலுவலரின் அறையில் முடிவுசெய்தாக வேண்டும். ஒப்பந்தப்புள்ளிப் பெட்டியை மூடும் நேரமும், ஏலம் தொடங்கும் நேரமும், நீதிமன்றத்தில் வழக்கின் பெயரை அழைக்கும் நேரமும் அத்தகையவை. குன்னத்திலிருந்தோ செந்துறையிலிருந்தோ பேருந்தேறி வந்து, தம் கைப்பேசியின்படி நேரத்துக்குள் வந்துவிட்ட ஒருவரைச் சுவர்க் கடிகாரம் தாமதமானவராக்குமானால், அநீதி அவருக்கேயன்றிக் கடிகாரத்துக்கன்று.

கணிப்பொறிகள் இந்தச் சிக்கலிலிருந்து ஏற்கெனவே விடுபட்டுவிட்டன. நாட்டின் திட்ட நேரத்தைக் காக்கும் பொறுப்பு புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துடையது. சீசியம் அணுவின் 919,26,31,770 அதிர்வுகளை ஒரு நொடியாகக் கொள்ளும் பன்னாட்டு வரையறையின்படி, அங்கே அணுக்கடிகாரங்கள் ஓடுகின்றன. அமெரிக்கரான டேவிட் மில்ஸ் 1980களில் வகுத்த ‘நெட்வொர்க் டைம் புரோட்டோகால்’, சுருக்கமாக என்டிபி, அந்நேரத்தை வலையமைப்பில் பரப்புகிறது. கேட்கும் கணிப்பொறி தான் கேட்ட கணத்தையும் விடை வந்த கணத்தையும் குறிக்கிறது, விடையளிக்கும் கணிப்பொறி கேள்வி வந்த கணத்தையும் விடை அனுப்பிய கணத்தையும் குறித்து அனுப்புகிறது. நான்கு குறிப்புகளையும் கொண்டு, போக்குக்கும் வரவுக்கும் ஆன காலம் சமம் என்று கொண்டு, வழியில் கழிந்த காலத்தை நீக்கிப் பிழையைக் கணிக்கிறது. பதினாறு மணிக் குறிப்பைக் கேட்டு எழுந்து நடந்த நிலையத்தாரின் தாமதத்தைக் கணிக்க அந்நாளில் வழியிருக்கவில்லை; இங்கே அத்தாமதமே அளவிடப்பட்டுக் கழிக்கப்படுகிறது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட ஆணை, அரசு அமைப்புகளும் நிறுவனங்களும் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு தம் கணிப்பொறிகளை ஒத்துவைக்க வேண்டும் என்று பணித்தது. மின்னணு ஒப்பந்தப்புள்ளித் தளத்தில் நேரம் முடிந்ததா இல்லையா என்பதை இன்று ‘சர்வர்’ எனப்படும் வழங்கிக் கணிப்பொறியின் கடிகாரமே முடிவுசெய்கிறது. அதே அறையின் சுவரிலோ, எதோடும் தொடர்பற்ற படிகக் கடிகாரம் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. கணிப்பொறிக்கு முன் அமர்ந்த ஊழியர் ஒரு நேரத்தையும், சாளரத்துக்கு வெளியே நிற்பவர் வேறொரு நேரத்தையும் பார்க்கின்றனர்.

சுவர்க் கடிகாரத்தையும் அதே மூலத்தோடு இணைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நெட்டலை வானொலிக் குறிப்பைப் பெற்றுத் தாமே திருந்தும் கடிகாரங்கள் வீடுதோறும் உண்டு. அவ்வலைகள் இங்கே எட்டாததால் அக்கடிகாரங்கள் அரியலூரில் வெறும் படிகக் கடிகாரங்களாகவே ஓடும். ஆனால் செயற்கைக்கோள் குறிப்பு எங்கும் எட்டும். ரயில் நிலைய மேடைகளில் பச்சை, சிவப்பு எழுத்தில் ஒளிரும் ஜிபிஎஸ் கடிகாரங்கள் அவ்வகையின. கூரையில் ஒரு சிறு ஏற்பி, கீழே ஒரு தலைமைக் கடிகாரம், அங்கிருந்து அறைகளுக்கு வலையமைப்புக் கம்பி என்ற ஏற்பாட்டில், கணிப்பொறிக்குச் செல்லும் கம்பியே கடிகாரத்துக்கு மின்சாரத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கொடுக்கும். மின்கலம் மாற்றும் வேலையும் மிச்சம். பெரம்பலூரில் ஒன்று, அரியலூரில் ஒன்று என்று தலைமைக் கடிகாரங்கள் தனித்தனியே இருந்தாலும், இரண்டும் ஒரே விண்குறிப்பைக் கேட்பதால், இடைப்பட்ட 30 கிலோமீட்டருக்கும் எந்தக் கம்பியும் இழுக்காமலேயே கண்ணுக்குப் புலப்படாத நுட்பத்தில் ஒத்து ஓடும். அவ்வளவு முதலீடு இயலாத ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலகத்திலும், வாரத்துக்கொருமுறை ஓர் ஊழியர் கணிப்பொறியைப் பார்த்து முள்ளைத் திருத்தி, திருத்திய அளவைக் குறிப்பேட்டில் எழுதினால், பிழை சில நொடிகளுக்குள் நிற்கும். ரயில்வே நூறாண்டுக்கு மேலாகச் செய்துவந்தது இதையே, அதுவும் இதைவிட அடிக்கடி.

திட்ட நேரத்தை நாட்டின் எல்லாப் பகுதிக்கும் துல்லியமாக வழங்க, அகமதாபாத், பெங்களூரு, புவனேசுவரம், பரிதாபாத், கௌகாத்தி ஆகிய ஐந்து இடங்களின் சட்டமுறை எடையளவு ஆய்வகங்களில் நேர மையங்கள் அமைக்கும் திட்டத்தை ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை மேற்கொண்டிருக்கிறது. சட்டத்துக்கும் நிர்வாகத்துக்கும் வணிகத்துக்கும் இந்தியத் திட்ட நேரத்தையே பயன்படுத்த வேண்டும் என்று கூறும் வரைவு விதிகள் 2025 சனவரியில் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடப்பட்டன. தராசுக்கும் படிக்கும் முத்திரையிட்டுக் குறித்த கால இடைவெளியில் சோதிக்கும் துறையின் எல்லைக்குள் நேரமும் வருவது முறையானதே. அம்முத்திரை வழங்கிக் கணிப்பொறியோடு நின்றுவிடுமா, பொதுமக்கள் நிமிர்ந்து பார்க்கும் சுவர்வரை வருமா என்பது விதிகளை நடைமுறைப்படுத்துவோரின் கையில் இருக்கிறது. பேருந்து அனுமதிச் சீட்டில் நிமிடம் எவ்வாறு நுழைந்தது, அதன்மேல் எழுந்த வழக்குகள் எவ்வாறு தீர்க்கப்பட்டன என்பதை அடுத்த பகுதி ஆராயும்.